படம் முடிஞ்சப்புறம் வர்ற பணம் யாருக்கு?

போன வாரம் ஒரு தம்பி வாட்ஸப்புல ஒரு போஸ்டர் அனுப்பினான். அவன் எடுத்த குறும்படத்தோட போஸ்டர். நடிச்சவங்க முகம் சரியா தெரியல. படத்தோட பேரும் தெரியல. மேலருந்து கீழ வரைக்கும் லாரல். (ரெண்டு பக்கமும் இலை வச்சு நடுவுல ஃபெஸ்டிவல் பேரு போட்டிருப்பாங்களே, அந்த முத்திரை.)

"எல்லாம் இன்டர்நேஷனல்ண்ணே"ன்னு கீழ எழுதியிருந்தான்.

போன் போட்டேன். ஒவ்வொண்ணா கேட்டேன்.

எந்த ஊர்ல நடந்துச்சு? தெரியலண்ணே.

தியேட்டர்ல போட்டாங்களா? இல்லண்ணே, ஆன்லைன்.

ஆன்லைன்ல நீ பாத்தியா? லிங்க் வரலண்ணே.

சரி, என்ன குடுத்தாங்க? பிடிஎஃப்ல சர்டிஃபிகேட். கோப்பை வேணும்னா தனியா பணம் கட்டணுமாம்.

நுழைவுக் கட்டணமா மொத்தம் எவ்வளவு போச்சுன்னு கேட்டேன். டாலர்ல கட்டினதை ரூபாயா மாத்திச் சொன்னான். அந்தப் பணத்துல இன்னொரு குறும்படத்துக்கு ஷூட்டிங்கையே முடிச்சிருக்கலாம், கேமரா வாடகை, சாப்பாடு, பேட்டா எல்லாம் சேத்து.

அவன் மேல எனக்குக் கோவமே இல்ல. திறமையான பையன். கோவம் எல்லாம் மாசாமாசம் நூறு விருது அறிவிச்சு, இந்த மாதிரிப் பசங்களோட ஆசையில காசு பாக்கற ஆளுங்க மேல. அதை விடப் பெரிய வருத்தம் ஒண்ணு இருக்கு. உண்மையிலேயே பணம் குடுக்கற இடங்கள் உலகத்துல இருக்கு. அதுல ஒண்ணோட பேரு கூட அவனுக்குத் தெரியல. சொல்லித்தர அவனைச் சுத்தி யாரும் இல்ல.

அதான் இந்தப் பதிவு. நீளமா போகும், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

முதல்ல அந்தப் போலி ஃபெஸ்டிவல் விஷயத்தை முடிச்சிடறேன்.

பணம் கட்டறதுக்கு முன்னாடி சில கேள்வி கேளுங்க. போன வருஷம் எந்த தியேட்டர்ல, எந்தத் தேதியில படம் போட்டாங்க? படங்களைத் தேர்வு பண்றவங்க பேரு போட்டிருக்கா? அங்க போன படம் எதையாவது நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா? மாசத்துக்கு ஒரு தடவை விருது குடுக்கறாங்களா? கடைசிக் கேள்விக்கு 'ஆமா'ன்னு வந்தா அப்பவே மூடிட்டு வெளிய வந்துடுங்க. நல்ல ஃபெஸ்டிவல்லயும் கட்டணம் இருக்கும், அது தப்பில்ல. ஆனா கட்டண விலக்கு கேட்டு மெயில் போடலாம். 'நான் இந்த ஊரு, இது என் சொந்தக் காசுல எடுத்த படம், கட்டணத்தைத் தள்ளுபடி பண்ண முடியுமா'ன்னு நாலு வரி போதும். சில இடத்துல குடுப்பாங்க. கேக்கறதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல.

முடிஞ்சது. இனி பணம்.

நம்ம ஊர்ல ஒரு உதவி இயக்குநரைப் பாத்தா எல்லாரும் கேக்கற ஒரே கேள்வி, "புரொடியூசர் கிடைச்சாரா?" சாலிகிராமத்துல, வளசரவாக்கத்துல, டீக்கடையில, கல்யாண வீட்டுல, எங்க போனாலும் இதே கேள்வி. ஒரு மனுஷன், ஒரு ஆபீஸ், அவர் முன்னாடி ரெண்டு மணி நேரம் கதை சொல்லணும், அவர் தலையாட்டினா படம். அவர் தலையாட்டலன்னா அடுத்த ஆபீஸ். இப்படியே பத்து வருஷத்தைக் கரைச்சவங்களை எனக்குத் தெரியும். ஊர்ல இருந்த நிலத்தை வித்தவங்களையும் தெரியும். 'ஃபைனான்ஸ் வாங்கித் தர்றேன், பிராசஸிங் ஃபீஸ் மட்டும் முதல்ல கட்டுங்க'ன்னு சொன்ன ஆளுகிட்ட அம்மாவோட வளையலைக் குடுத்தவங்களும் இருக்காங்க.

ஆனா உலகத்துல நிறைய நல்ல படங்களுக்குப் பணம் ஒரே ஆளுகிட்டருந்து ஒரே நேரத்துல வரல. துண்டு துண்டா வந்துச்சு. எழுதறப்ப கொஞ்சம். எடுக்கறப்ப கொஞ்சம். எடிட் முடிச்சு நிக்கறப்ப கொஞ்சம்.

நம்ம ஊர் உதாரணமே சொல்றேன். 'நசீர்'. கோயம்புத்தூர்ல ஒரு ஜவுளிக்கடை சேல்ஸ்மேனோட ஒரு நாள். இயக்கினது அருண் கார்த்திக். திலீப்குமாரோட 'ஒரு குமாஸ்தாவின் கதை'ங்கற சிறுகதையிலிருந்து வந்த படம். இந்தக் கதையோட எந்த ஆபீஸுக்குப் போனாலும் "இதுல என்னப்பா இருக்கு"ன்னுதான் கேட்டிருப்பாங்கன்னு எனக்குத் தோணுது. பாட்டு இல்ல, ஃபைட் இல்ல, இன்டர்வெல் பிளாக் இல்ல. அந்தப் படத்துக்கு ஸ்கிரிப்ட் கட்டத்துலயே கை குடுத்தது நெதர்லாந்துல இருக்கற ஹூபர்ட் பால்ஸ் ஃபண்ட். அப்புறம் ஒரு டச்சுத் தயாரிப்பாளர் சேந்தாங்க, அங்கத்திய அரசு சினிமா நிதியும் வந்துச்சு. 2020ல ராட்டர்டாம் திரைப்பட விழாவுல டைகர் போட்டிப் பிரிவுல திரையிட்டு நெட்பேக் விருது வாங்கிச்சு.

ஹூபர்ட் பால்ஸ் ஃபண்ட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ராட்டர்டாம் விழாவைத் தொடங்கினவர் பேரு ஹூபர்ட் பால்ஸ். 1988ல அவர் இறந்தார். அதே வருஷம் அவர் பேருல இந்த நிதி ஆரம்பிச்சது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா மாதிரி இடங்கள்ல இருக்கற இயக்குநர்களுக்காக. திரைக்கதையை வளர்க்கறதுக்கு மட்டும் 10,000 யூரோ குடுக்கறாங்க. நம்ம காசுக்கு 10 லட்சம் பக்கம்.

படம் எடுக்க இல்ல. எழுத.

இதை முதல் தடவை கேட்டப்ப எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்பவும் சொல்லணும்னு தோணுது. எழுதறதுக்குக் காசு! வாடகை கட்டிட்டு, அரிசி வாங்கிட்டு, கதை நடக்கற ஊருக்கு நாலு தடவை போயிட்டு வந்து, உக்காந்து எழுதலாம். பகல்ல ஒரு சீரியல்ல அசோசியேட்டா ஓடிட்டு ராத்திரி ஒரு மணிக்குத் தூக்கத்துல எழுத வேண்டாம். சைதன்ய தாம்ஹானே 'கோர்ட்' படத்தை ஆரம்பிச்சப்பவும் இந்த ஃபண்டோட ஆதரவு இருந்துச்சு. மும்பையில ஒரு செஷன்ஸ் கோர்ட்டு, ஒரு வயசான மக்கள் பாடகர் மேல கேஸு, அவ்வளவுதான் கதை. 2014ல வெனிஸ்ல ஒரிஸோந்தி பிரிவுல சிறந்த படமா வந்துச்சு.

இது வெள்ளைக்காரன் பழக்கம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 1955ல வந்த 'பதேர் பாஞ்சாலி'யே அரசாங்கப் பணத்துல முடிஞ்ச படம்தான். சத்யஜித் ரே இன்சூரன்ஸ் பாலிசியை அடகு வச்சார், இசைத்தட்டுகளை வித்தார், மனைவியோட நகையும் அடகுக்குப் போச்சு. அப்படியும் ஷூட்டிங் நின்னு போச்சு. கடைசியில மேற்கு வங்க அரசு பணம் குடுத்துச்சு. சினிமாவுக்குக் குடுக்கத் தனியா கணக்குத் தலைப்பு இல்லாம, சாலை மேம்பாட்டுக் கணக்குல எழுதினாங்க. அதுக்கப்புறம் 1960ல ஒன்றிய அரசு ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷனை ஆரம்பிச்சது. மிருணாள் சென்னோட 'புவன் ஷோம்', அடூர் கோபாலகிருஷ்ணனோட 'சுயம்வரம்' எல்லாம் அங்க கடன் வாங்கி எடுத்த படங்கள். பின்னாடி 1980ல அது என்எஃப்டிசியோட (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) சேந்துடுச்சு.

அந்த என்எஃப்டிசிதான் இப்பவும் கோவாவுல நவம்பர் மாசம், இஃபி (இந்திய சர்வதேசத் திரைப்பட விழா) நடக்கறதையொட்டி, ஃபிலிம் பஜார் நடத்துது. 2007லருந்து நடக்குது. (இப்ப பேருக்கு முன்னாடி 'வேவ்ஸ்' சேத்திருக்காங்க.) படம் பாக்கற விழாவுன்னு நினைச்சுப் போகாதீங்க, இது வியாபாரச் சந்தை. ஸ்கிரிப்ட் வச்சிருக்கறவங்களுக்கு கோ-புரொடக்‌ஷன் மார்க்கெட். எடிட்ல நிக்கற படத்துக்கு வொர்க்-இன்-புராக்ரஸ் லேப். முடிச்ச படத்தை வாங்கறவங்களும் ஃபெஸ்டிவல் ஆளுங்களும் கம்ப்யூட்டர்ல பாக்கறதுக்கு வ்யூவிங் ரூம். இதுபோக திரைக்கதை எழுதறவங்களுக்குத் தனியா ஒரு லேப். 'தி லஞ்ச் பாக்ஸ்' அந்த லேப்லருந்து வெளிய வந்த கதை. இந்தியா, பிரான்ஸ், ஜெர்மனின்னு மூணு நாட்டுப் பணத்துல எடுத்து, 2013ல கான்ஸ் விழாவோட கிரிட்டிக்ஸ் வீக்ல போட்டாங்க.

கடைசிக் கட்டத்துல கை குடுக்கறதும் பெரிய விஷயம். 'கூழாங்கல்' எடுத்த பி.எஸ். வினோத்ராஜ் யாருன்னு அதுக்கு முன்னாடி எத்தனை பேருக்குத் தெரியும்? இயக்குநர் ராம் படத்தைப் பாத்துட்டுச் சொன்னார், விக்னேஷ் சிவனும் நயன்தாராவும் தங்களோட ரௌடி பிக்சர்ஸ் மூலமா எடுத்துக்கிட்டாங்க. 2021ல ராட்டர்டாம்ல டைகர் விருது. அந்த வருஷம் ஆஸ்காருக்கு இந்தியா அனுப்பின படமும் அதுதான். ஆனா யோசிச்சுப் பாருங்க. ராம் மாதிரி ஒருத்தர் பாக்கற வரைக்கும் ஒரு படம் காத்துக்கிட்டு இருக்கணும்னா, அப்படி யாரும் பாக்காமலே ஹார்டு டிஸ்க்ல கிடக்கற படம் எத்தனை இருக்கும்? நல்ல மனசு இருக்கற ஒருத்தரை நம்பி ஒரு கலை நிக்கக் கூடாது.

சரி, இதுக்கெல்லாம் எப்படி விண்ணப்பிக்கறது?

இங்கதான் நம்ம பசங்க தயங்கி நிக்கறாங்க. வாயால கதை சொல்லச் சொன்னா ரெண்டு மணி நேரம் பின்னிடுவாங்க, பேக்ரவுண்டு மியூசிக் உட்பட. ஆனா ஃபண்டுக்காரங்க உங்க மூஞ்சியைப் பாக்க மாட்டாங்க. பேப்பர்தான். லாக்லைன், சினாப்சிஸ், ட்ரீட்மென்ட், டைரக்டர்ஸ் நோட், பட்ஜெட், ஃபைனான்ஸ் பிளான், ஏற்கனவே எடுத்த படத்தோட லிங்க். இதுல மத்ததெல்லாம் கத்துக்கிட்டா வந்துடும். டைரக்டர்ஸ் நோட்லதான் உயிரே இருக்கு.

தூத்துக்குடி பக்கத்துத் தம்பி ஒருத்தன், உப்பளத்துல வேலை செய்யற ஒரு அம்மாவைப் பத்தித் திரைக்கதை வச்சிருந்தான். ரெண்டு பேரும் சேந்து உக்காந்தோம். முதல் டிராஃப்ட்ல, சினிமாதான் என் மூச்சு, சின்ன வயசுலருந்தே கனவு, அப்படின்னு ஒரு பக்கம். அது யார் வேணா எழுதலாம், தூக்கிட்டோம். ரெண்டாவது டிராஃப்ட்ல, உப்பளத் தொழிலாளர்களோட அவல நிலையை உலகத்துக்குச் சொல்லணும், சமூகத்துக்கு ஒரு மெசேஜ். அதுவும் உண்மைதான். ஆனா அதைப் படிச்சா ஒரு என்ஜிஓ அறிக்கை ஞாபகம் வருது, ஒரு படம் கண்ணுல தெரியல.

"உங்க அம்மா வேலைக்குப் போனாங்களாடா?"

"ஆமாண்ணே."

"என்ன ஞாபகம் இருக்கு, சும்மா சொல்லு."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம் சொன்னான். அம்மா விடியறதுக்கு முன்னாடியே உப்பு வாரப் போயிடுவாங்களாம். திரும்பி வந்ததும் வீட்டுக்குள்ள வராம வாசல்லயே உக்காந்து கால்ல தண்ணி ஊத்திக்கிட்டே இருப்பாங்களாம். அப்ப யாரும் பேச்சுக் குடுக்கக் கூடாது. சாயங்காலம் வீட்டுக்குள்ள ட்யூப்லைட் போட்டா கண்ணு கூசுதுன்னு அணைக்கச் சொல்லுவாங்களாம். பகல் பூரா வெள்ளையைப் பாத்த கண்ணு. அதனால அவன் வீட்டுப்பாடம் எழுதினது எல்லாம் அடுப்பு வெளிச்சத்துல.

"இதை எழுதுடா"ன்னேன்.

"இதுல கதை இல்லையேண்ணே."

கதை சினாப்சிஸ்ல இருக்கு. டைரக்டர்ஸ் நோட்ல அவங்க தேடறது வேற. இந்தப் படத்தை ஏன் இந்த ஆளு எடுக்கணும்? வேற யாராலும் ஏன் முடியாது? எப்படிக் காட்டப் போறான்? அடுப்பு வெளிச்சத்துல எழுதின பையனுக்கு அந்தப் படத்தோட வெளிச்சம் எப்படி இருக்கணும்னு தெரியும். பகல் காட்சியெல்லாம் கண்ணு கூசற மாதிரி ஓவர் எக்ஸ்போஸ் ஆகியிருக்கும், வீட்டுக்குள்ள கிட்டத்தட்ட இருட்டு. மூணாவது டிராஃப்ட்ல அது வந்துச்சு. அதைப் படிச்ச என் மனைவி (அவங்களுக்கு சினிமா மேல பெரிய ஆர்வம் கிடையாது) "இந்தப் படம் எப்ப வரும்?"னு கேட்டாங்க. எனக்கு அதுக்கு மேல வேற சர்டிஃபிகேட் வேண்டியதில்ல.

பட்ஜெட் விஷயத்துல ஒண்ணே ஒண்ணு சொல்றேன். ஆசையில குறைச்சுப் போடாதீங்க. 'கம்மியாக் கேட்டா குடுத்துடுவாங்க'ன்னு நினைச்சு, இயக்குநர் சம்பளம் பூஜ்யம், எழுத்தாளர் சம்பளம் பூஜ்யம்னு போடறாங்க. ஃபண்டுக்காரங்க பட்ஜெட் படிக்கத் தெரிஞ்சவங்க. இந்தப் பணத்துல இந்தப் படம் முடியாதுன்னு பாத்த உடனே தெரிஞ்சிடும். உங்க சம்பளத்தைப் போடுங்க. லைவ் சவுண்டுக்குப் போடுங்க. டிஐ (கலர் வேலை), மிக்ஸிங், சப்டைட்டில், டிசிபி (தியேட்டர்ல ஓட்டற டிஜிட்டல் காப்பி) எல்லாத்துக்கும் போடுங்க. மழை வந்தா ஷூட்டிங் நிக்கும், அதுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்க. ஃபைனான்ஸ் பிளான்ல எவ்வளவு கையில இருக்கு, எவ்வளவு தேடணும், எங்க தேடறீங்கன்னு ஒளிக்காம எழுதுங்க.

இன்னொண்ணு. பெர்லின் விழாவோட வேர்ல்டு சினிமா ஃபண்ட் (2004லருந்து இருக்கு) மாதிரி சில நிதிகளுக்கு அந்த நாட்டுத் தயாரிப்பாளர் ஒருத்தர் கூட்டாளியா இருக்கணும். கூட்டுத் தயாரிப்புப் பணம்னா அதுல ஒரு பங்கு அந்த நாட்டுலயே செலவாகணும்னு பெரும்பாலும் நிபந்தனை இருக்கும். அதனாலதான் நிறைய படங்களுக்கு சவுண்ட் மிக்ஸிங்கும் கலர் வேலையும் ஐரோப்பாவுல நடக்குது. பூசான் விழாவோட ஏஷியன் சினிமா ஃபண்ட், ஸ்விட்சர்லாந்தோட விஷன்ஸ் சுத் எஸ்த், தோஹா ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்னு இன்னும் இருக்கு. ஒவ்வொருத்தர் விதியும் வருஷா வருஷம் மாறும். யாரோ ஃபார்வர்டு பண்ணின மெசேஜை நம்பாம அவங்க தளத்துல போய் அந்த வருஷத்து விதியைப் படிங்க. பணம் வர்றதுக்கு முன்னாடியே ஒரு ஆடிட்டரைப் பாருங்க. தனிநபர் பேர்லயா, கம்பெனி பேர்லயா, நிதியுதவியா, கூட்டுத் தயாரிப்பா, இதெல்லாம் வரியிலயும் சட்டத்துலயும் வேற வேற.

"இங்கிலீஷ்ல எழுதணுமே"ன்னு நீங்க நினைக்கறது கேக்குது.

பெங்களூர்ல இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ்னு ஒரு அமைப்பு இருக்கு. சுருக்கமா ஐஎஃப்ஏ. 1993ல ஆரம்பிச்சு, 1995லருந்து நிதி குடுக்கறாங்க. அங்க இந்திய மொழி எதுல வேணா விண்ணப்பம் எழுதலாம்.

தமிழ்ல!

சினிமா மட்டும் இல்ல. நாடகம், கூத்து, நடனம், ஓவியம், கலைகளைப் பத்தின ஆராய்ச்சி, பள்ளிக்கூடத்துல கலை சொல்லிக்குடுக்கறதுன்னு பல பிரிவு. முழு நீளப் படத்தோட பட்ஜெட்டை அவங்க தூக்க மாட்டாங்க, அது அவங்க வேலை இல்ல. ஆனா தோல்பாவைக் கூத்துக் கலைஞர்கள் கூட ஒரு வருஷம் சுத்தி ஆவணப்படுத்தணும், ஒரு டூரிங் டாக்கீஸ் வரலாறைத் தேடணும், ஒரு புது வடிவத்தை முயற்சி பண்ணணும்னு யோசனை வச்சிருக்கறவங்களுக்குச் சரியான வாசல். உங்க தெருவுல ஒரு கட்டைக்கூத்து வாத்தியார் இருந்தா அவரே தன் கையால எழுதலாம். நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர், அவருக்கு ஒரு கமிஷன், எதுவும் தேவையில்ல. மொழியால யாரையும் வெளிய நிறுத்தக் கூடாதுன்னு ஒரு நிறுவனம் முடிவெடுத்து அதை இத்தனை வருஷமா நடத்தறதே எனக்குப் பெரிய மரியாதையைத் தருது.

ஆவணப்படக்காரங்களுக்கு வழி தனி. ஐடிஎஃப்ஏ பெர்த்தா ஃபண்ட், சன்டான்ஸ் ஆவணப்பட நிதி, கொல்கத்தாவுல நடக்கற டாக்எட்ஜ் பிட்சிங். 'ரைட்டிங் வித் ஃபயர்' (தலித் பெண்கள் நடத்தற 'கபர் லஹரியா' பத்திரிகையைப் பத்தின படம், 2022ல ஆஸ்கார் பரிந்துரை வரைக்கும் போச்சு) மாதிரி வருஷக்கணக்கா கூடவே இருந்து எடுக்கற படம் ஒரே காசோலையில முடியாது. நம்ம ஊர் ஆவணப்படக்காரங்க பெரும்பாலும் கல்யாண வீடியோ எடுத்த காசைப் போட்டுத்தான் எடுக்கறாங்க. அவங்க அவசியம் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கணும்.

மக்கள்கிட்டயே கேக்கலாமான்னா, தாராளமா கேக்கலாம். அதுக்கும் நம்ம பக்கத்துலயே வரலாறு இருக்கு. தமிழ்ல 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம் பின்னாடி கேரளாவுல நண்பர்களோட ஒடேசான்னு ஒரு கூட்டமைப்பு ஆரம்பிச்சார். ஊர் ஊரா போய்ப் படம் போட்டுக் காட்டி, ஜனங்ககிட்ட சின்னச் சின்னத் தொகையா வசூல் பண்ணி, 1986ல 'அம்ம அறியான்' எடுத்தாங்க. அதுக்கும் பத்து வருஷம் முன்னாடி ஷியாம் பெனகல் 'மந்தன்' எடுத்தப்ப குஜராத்ல 5 லட்சம் பால் விவசாயிங்க ஆளுக்கு 2 ரூபா குடுத்தாங்க. அந்தப் படத்தை 2024ல புதுப்பிச்சு கான்ஸ்ல போட்டாங்க. கன்னடத்துல பவன் குமார் 2013ல 'லூசியா'வை ஜனங்க போட்ட பணத்துல முடிச்சார், கிட்டத்தட்ட 50 லட்சம். லீனா மணிமேகலையோட 'மாடத்தி'யும் கூட்டு நிதியில வந்ததுதான்.

இதுல ஒரு விஷயம் கவனிக்கணும். மேல சொன்ன எல்லாருக்கும் பின்னாடி ஏற்கனவே ஒரு கூட்டம் இருந்துச்சு. கூட்டுறவுச் சங்கம், ஃபிலிம் சொசைட்டி, முந்தைய படத்தைப் பாத்த ரசிகர்கள். திடீர்னு ஒரு நாள் லிங்க் போட்டு 'பணம் அனுப்புங்க'ன்னா சொந்தக்காரங்க மட்டும்தான் அனுப்புவாங்க, அதுவும் ஒரு தடவை. முதல்ல உங்க குறும்படத்தை நாலு ஊர்ல போட்டுக் காட்டுங்க. லைப்ரரி, காலேஜ், தொழிற்சங்க ஆபீஸ், எங்க இடம் கிடைச்சாலும். யார் குடுத்தாங்க, எதுக்குச் செலவாச்சுன்னு கணக்கை எல்லாருக்கும் காட்டுங்க.

இப்ப எனக்கு ரொம்ப நாளா உள்ள இருக்கற விஷயத்துக்கு வர்றேன்.

தமிழ்நாட்டு அரசு குறைஞ்ச செலவுல எடுக்கற தரமான தமிழ்ப் படங்களுக்கு மானியம் குடுக்குது. படத்துக்கு 7 லட்சம். நல்ல விஷயம், நான் குறை சொல்லல. எத்தனையோ சின்னத் தயாரிப்பாளர்களுக்கு அந்த 7 லட்சம் கடன் அடைக்க உதவியிருக்கு. ஆனா அது எப்ப கிடைக்கும்? படம் எடுத்து, சென்சார் முடிச்சு, வெளியிட்டு, விண்ணப்பிச்சு, குழு பாத்து, அப்புறம். சில வருஷங்களோட படங்களுக்கு மொத்தமா சேத்துக் குடுத்த காலமும் உண்டு.

அப்ப யாருக்குக் கிடைக்குது? படம் எடுக்கறதுக்கு எப்படியோ பணம் புரட்ட முடிஞ்சவங்களுக்கு. நிலம் இருந்தவங்க, நகை இருந்தவங்க, வட்டிக்கு வாங்கற தைரியம் இருந்தவங்க. உப்பளத்துத் தம்பிக்கு அந்த 7 லட்சம் கண்ணுக்கு எட்டாத தூரத்துல இருக்கு. அவனுக்குத் தேவை இன்னிக்கு. எழுதறப்ப. இதை நான் எங்க போனாலும் சொல்லிக்கிட்டே இருக்கேன்: முன்னாடி குடுக்கற பணம்தான் யார் படம் எடுக்கலாங்கறதையே மாத்தும். பின்னாடி குடுக்கற பணம், ஏற்கனவே எடுத்தவங்களுக்குத்தான் போய்ச் சேரும்.

கேரளாவைப் பாருங்க. அங்க அரசோட திரைப்பட வளர்ச்சிக் கழகமே பெண் இயக்குநர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் படத்துக்கு 1.5 கோடி வரைக்கும் போட்டுத் தயாரிக்குது. அதுல வந்ததுதான் ஸ்ருதி சரண்யத்தோட 'பி 32 முதல் 44 வரே'. சிவரஞ்சினியோட 'விக்டோரியா'வும் அப்படித்தான், ஒரு பியூட்டி பார்லருக்குள்ளயே நடக்கற படம். இந்தப் பெண்கள் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கியிருந்தா இந்தக் கதைகளை யார் கேட்டிருப்பாங்க? அந்தத் திட்டத்துலயும் தாமதம், சிக்கல்னு இயக்குநர்களே வெளிப்படையாப் பேசியிருக்காங்க. பேசட்டும், சரி பண்ணட்டும். திட்டம் இருந்தாதானே சரி பண்ண முடியும்.

பிரான்ஸ்ல இன்னும் அழகா ஒண்ணு பண்ணியிருக்காங்க. சினிமா டிக்கெட்டு ஒவ்வொண்ணுலயும் 10.72 சதவீதம் ஒரு வரி. ஹாலிவுட் படத்துக்கு டிக்கெட் வாங்கினாலும் அந்த வரி உண்டு. அந்தப் பணம் சிஎன்சிங்கற அரசு சினிமா அமைப்புக்குப் போகும். அங்கருந்து புதுப் படங்களுக்குத் திரும்பி வரும், வெளிநாட்டுப் படங்களுக்கும் சேத்து. பாயல் கபாடியாவோட 'ஆல் வி இமாஜின் அஸ் லைட்', மும்பையில வேலை பாக்கற மலையாள நர்ஸுகளோட கதை, 2024ல கான்ஸ்ல கிராண்ட் ப்ரீ வாங்கிச்சே, அது பிரான்ஸ் தலைமையில அஞ்சு நாடு சேந்து தயாரிச்ச படம். நம்ம நர்ஸுகளோட கதையை எடுக்க பாரீஸ்ல வித்த டிக்கெட்டு உதவுது. அந்த மனுஷங்களுக்கு நன்றி சொல்றேன். கூடவே எனக்கு ஆத்திரமாவும் இருக்கு, ஏன்னா நம்ம டிக்கெட்டுலயும் ஜிஎஸ்டிக்கு மேல உள்ளாட்சி கேளிக்கை வரின்னு தனியா வாங்கறாங்க. அதுல ஒரு சின்னப் பங்கு இந்தப் பசங்களுக்கு எழுதற காசா போனா என்ன?

பெரிய தொகை வேண்டாம். கணக்குப் போட்டுப் பாத்தேன். 13 படத்துக்கு மானியம் குடுத்தா 91 லட்சம். அதே பணத்துல, ஆளுக்கு 3 லட்சம்னு 30 பேருக்கு ஒரு வருஷம் உக்காந்து திரைக்கதை எழுதக் குடுக்கலாம். மீதி ஒரு லட்சத்துல தேர்வுச் செலவு. விண்ணப்பம் தமிழ்ல இருக்கணும். சென்னைக்கு வராம மாவட்டத்துலருந்தே அனுப்பற மாதிரி இருக்கணும். தேர்வுக் குழுவுல யார் யாருன்னு முன்னாடியே அறிவிக்கணும், சிறுகதை எழுதறவங்களும் எடிட்டர்களும் அதுல இருக்கணும். பாதிப் பேரு பெண்களா இருக்கணும், தேர்வு பண்றவங்கள்லயும், தேர்வாகறவங்கள்லயும்.